கிளுவைப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வேண்டும், களிமண்ணில் பிடிக்க வழியும் வேண்டும்

வணக்கம் உறவுகளே. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் கொல்லையைச் சுற்றி கிளுவை நட்டு உயிர்வேலி போடப் போகிறேன். 2018 கஜா புயலில் மரங்களோடு பழைய வேலியும் போனது. அதன் பிறகு கம்பி வேலிதான். கம்பியில் எந்த உயிர் வந்து தங்கும்? கிளுவை என்றால் சேதியே வேறு. முள்ளும் கிளையும் பின்னிக் கிடக்கும் அடர்த்திக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும், அடியில் கீரி ஒதுங்கும், செண்பகம் புழு பூச்சி தேடி நடை போடும். மேலே கோவைக்கொடி படர்ந்துவிட்டால் பழத்துக்குக் குயிலும் வரும். கோடையில் கிளுவை இலை உதிர்ந்து மொட்டையாக நிற்பதைப் பார்த்து, பட்டுப்போச்சு என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியும்.

என் சந்தேகம் இதுதான். கிளுவை வறண்ட நிலத்துச் செடி. எங்களுடையது நல்ல களி. ஐப்பசி, கார்த்திகையில் வேலியோரம் தண்ணீர் நிற்கும். ஒன்றரை அடிக்கு மேடு போட்டு நட்டால் வேர் அழுகாமல் தப்புமா? இலை உதிர்ந்திருக்கும் சித்திரையிலேயே போத்து வெட்டி ஊன்றுவதா, ஆடி வரை பொறுப்பதா? வெட்டியதும் நடலாமா, நிழலில் போட்டுவைத்து நட வேண்டுமா? களிமண்ணில் வளர்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது வேலி கழித்தால், கட்டைவிரல் பருமனில் போத்து வேண்டும். நானே வந்து வெட்டி எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் நிற்கும் மூலையில் மட்டும் நொச்சி வைக்கலாம் என்றிருக்கிறேன், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.