ஆய்விதழ் வெளியீட்டைப் பற்றி நூலகர் எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேள்வி: வணக்கம். 12 ஆண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பட்டியலாக்கப் பணியில் இருக்கிறேன். சென்ற வாரம் ஆய்வு மாணவி ஒருவர், தம் கட்டுரையை நான்கே நாளில் ஏற்றுக்கொண்டதாக ஓர் ஆய்விதழ் அனுப்பிய கடிதத்தைக் காட்டி, வெளியீட்டுக் கட்டணத்தைச் செலுத்தலாமா என்று கேட்டார். கட்டுரையை வெளியிடுமுன் படித்து மதிப்பிடும் துறை வல்லுநரான மதிப்பாய்வாளரின் கருத்து ஒரு வரிகூட அதில் இல்லாதது உறுத்தியது. ஆனால் வேறு எதை வைத்து முடிவு சொல்வதென்று தெரியாமல், "யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடை என்னை இன்னும் வருத்துகிறது. இவற்றை எப்படிக் கற்றீர்கள்?

மறுமொழி 1: உங்களுக்கு உறுத்தியதே சரியான இடம். அடுத்து, இதழ்களை அடையாளம் காட்டும் 8 இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணில் அந்த இதழுக்குரியதை, அதற்கான பன்னாட்டு மையத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். அந்த எண் தரச்சான்று அன்று. ஆனால் வேறோர் இதழின் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஸ்கோபஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாக இதழ் சொல்லிக்கொண்டால், அதை ஸ்கோபஸ் தளத்தில்தான் சரிபார்க்க வேண்டும். எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழென்றால், அத்தகைய இதழ்களைப் பட்டியலிட்டு 2003 முதல் இயங்கும் டிஓஏஜே அடைவையும் பார்க்கலாம். அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த போலி இதழ்ப் பட்டியலைப் பலர் இன்றும் கேட்கிறார்கள். அவர் அதை 2017 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார். அதன் நகல்களை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 2: முன்னவர் சொன்னவை தேவையானவையே. ஆயினும் போலியைக் கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. நல்ல இதழில் வெளியிடுபவர்கள்தாம் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். எங்கள் பேராசிரியர் ஒருவர், பதிப்பகம் வடிவமைத்த இறுதிப் பிடிஎஃப் கோப்பை எங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையத்தில் வைக்கும் நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்றிவிட, அதை நாங்கள் நீக்க வேண்டியதாயிற்று. மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட கைப்பிரதியை 12 மாதம் கழித்து ஏற்றலாம் என்று ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கைப்பிரதியைத் தேடினால் அவரிடம் இல்லை. இணையாசிரியர் ஒருவரின் பழைய மின்னஞ்சலில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து, கட்டுரை ஏற்கப்பட்ட நாளிலேயே அந்த வடிவத்தை எங்களுக்கு அனுப்பச் சொல்கிறோம். சமர்ப்பித்த வடிவம், ஏற்கப்பட்ட வடிவம், அச்சான வடிவம் ஆகிய மூன்றுக்கும் உரிமை தனித்தனி என்பதையும், படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுக்குள் உள்ள வேறுபாட்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: ஒரு கட்டுரையை நீங்களே எழுதி அனுப்பிப் பாருங்கள். என் முதல் கட்டுரைக்கு மதிப்பாய்வாளர்களிடமிருந்து மூன்று பக்கக் குறிப்புகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் விடையெழுத இரண்டு மாதமாயிற்று. நான்கு நாளில் ஏற்பு என்றால் எது நடக்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

கேட்டவர்: அனைவருக்கும் நன்றி. இன்று காலை எண்ணை இட்டுப் பார்த்தேன். அது முற்றிலும் வேறு துறை இதழுக்கு உரியது. மாணவி இன்னும் பணம் கட்டவில்லை. கேட்காமலே அந்த இதழார் வெளியிட்டுவிட்டால் வேறெங்கும் அனுப்ப இயலாது போகும் என்பதால், கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பியிருக்கிறோம்.