மறு: ஸ்பைனல் ஆஞ்சியோகிராம்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஸ்பைனல் ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கான விளக்கக் குறிப்புக்கு நீங்கள் போட்ட சொற்பட்டியல் பற்றி என் கருத்துகள்.

> ‘முதுகுத்தண்டு நாள வரைவியல்’ என்பதே போதுமே. இதில் என்ன குழப்பம்?

ஐயா, மூன்று சொல்லிலுமே இருக்கிறது. ‘முதுகுத்தண்டு’ என்றதும் நோயாளிக்கு எலும்புதான் தோன்றும். முதுகில் ஊசி போடுவார்கள் என்றும் பயந்துவிடுவார். இந்தப் பரிசோதனையில் அப்படி எதுவும் கிடையாது. தொடை இடுக்கிலோ சில சமயம் மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். மகாதமனியிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையிலும் இடுப்புப் பகுதியிலும் பிரியும் கிளைகளை, வலம் இடம் இரண்டு பக்கமும், ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அயோடின் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். இதய ஆஞ்சியோ போலச் சீக்கிரம் முடியாது. இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். பார்ப்பது எலும்பை அல்ல, உள்ளே இருக்கும் தண்டுவடத்துக்குப் போய்வரும் ரத்த ஓட்டத்தை.

அடுத்தது ‘நாளம்’. தமிழ்நாட்டில் அது எந்த ரத்தக்குழாயையும் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் தமனி என்றால் நாடி, சிரை என்றால் நாளம். யாழ்ப்பாணத்தில் படித்தவர் உங்கள் சொல்லைச் சிரைப்படம் என்றே எடுத்துக்கொள்வார். சரி, ‘தமனிப்படம்’ என்று வைக்கலாமா என்றால் அதுவும் பாதிதான். இந்தப் படத்தை எடுக்க முக்கியமான காரணமே, தண்டுவட உறையில் ஒரு தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிடும் கோளாறு. கால் மெல்ல மெல்லத் தளரும், சிறுநீர் தடைப்படும். டிஸ்க் தொந்தரவு என்று நினைத்தே மாதக்கணக்கில் போய்விடுவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைக் கிளப்பும், இணைப்பு எந்த இடத்தில் என்று உறுதியாகக் காட்டுவது இந்தப் படம்தான்.

‘இயல்’ வேண்டவே வேண்டாம். நோயாளி பாடம் படிக்கப் போகவில்லை.

என் பரிந்துரை: தண்டுவட ரத்தக்குழாய்ப் படம். ‘குருதி’ ஆக்கச் சொல்வீர்கள், தெரியும்! நோயாளி வாயில் வருவது ரத்தம்தான். இலங்கையில் முதற்சொல்லை மட்டும் ‘முண்ணாண்’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

> ‘ஆஞ்சியோ’ என்றே விட்டுவிடலாம். எல்லோருக்கும் தெரியும்.

தெரியும், இதயத்துக்கு என்று. அதோடு படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் சிகிச்சையான ஆஞ்சியோபிளாஸ்டியும் பேச்சில் ஒரே ‘ஆஞ்சியோ’ ஆகிவிட்டன. இங்கே அது ஆபத்து. கோளாறு தெரிந்தால் சிலருக்கு அதே அமர்வில் பசை செலுத்தி அந்த இணைப்பை மூடிவிடுவார்கள். எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது: படம் மட்டுமா, மூடுவதும் சேர்த்தா? இந்தச் சிகிச்சைக்குப் பட்டியலில் ‘அடைப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அடைப்பு என்றாலே நம் மக்களுக்கு நோய். ‘பசையிட்டு மூடல்’ என்று வைப்போம்.

அடம்கீவிச் தமனியைத் தமிழாக்க முயல வேண்டாம். ஆள் பெயர், அப்படியே இருக்கட்டும். தண்டுவடத்தின் கீழ்ப்பாதிக்கு ரத்தம் தரும் முக்கியக் கிளை அது. பெரும்பாலும் இடப்பக்கம், மார்புப் பகுதியின் கீழ்முள்ளெலும்புகள் அருகே கிளம்பும், ஆளுக்கு ஆள் இடம் மாறும். கோளாறான தமனியும் அதுவும் ஒரே கிளையிலிருந்து வந்தால் பசை போடுவது பேராபத்து, அறுவை சிகிச்சையைத்தான் நாடுவார்கள். படமெடுக்கும்போதும் மிக அரிதாகக் கால் செயலிழக்கலாம். விளக்கக் குறிப்பில் இதை மென்று முழுங்காமல் எழுத வேண்டும்.

படத்துக்காகச் செலுத்தும் அயோடின் மருந்துக்குப் போட்ட ‘சாயம்’ என்பதையும் எடுத்துவிடலாம். அது எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. ‘அயோடின் மருந்து’ என்றால்தான் ஒவ்வாமை உள்ளவரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்வார்கள். மருந்து ஏறும்போது உடம்பு சூடாவது போல இருக்கும், அது இயல்பு. தொடை வழியாகக் குழாய் நுழைத்திருந்தால், படம் எடுத்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். எந்த வழியானாலும், அதன்பின் காலில் புதிதாக மரப்போ தளர்ச்சியோ வந்தால் உடனே சொல்லியாக வேண்டும்.

மிச்சமிருப்பது தமனி வழியாக நுழைக்கும் அந்த மெல்லிய குழாய்க்கான (கதீட்டர்) பெயர். ‘வடிகுழாய்’ சிறுநீர்ப் பைக்குச் சரி. இங்கே எதையும் வடிப்பதில்லையே. ‘நுழைகுழாய்’ எப்படி? மலேசிய, இலங்கை அன்பர்கள் உங்கள் வழக்கைச் சொல்லுங்கள்.