ஐதரசன் லொறியைக் கண்டவர்கள் சொல்லுங்கள்

மருதனார்மடம் லொறிக்காரன்:

2022 யூன் மாதம் நான்கு நாள் டீசல் வரிசையில் கிடந்தவன் நான். பின்னால் ஏற்றியிருந்தது பீற்றூட். இரண்டாம் நாளே சாக்குகளின் அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஒழுகத் தொடங்கிவிட்டது. படங்கைத் தூக்கிப் பார்த்தேன், மணம் தாங்கவில்லை, மூடிவிட்டு வந்து இருந்துவிட்டேன். அந்த வரிசையில்தான் ஒருவர் கைபேசியில் ஐதரசன் லொறியைக் காட்டினார். தண்ணீரிலிருந்து எடுக்கும் எரிபொருள், பின்குழாயில் வருவதும் தண்ணீர்தான் என்றார். அன்றிருந்த நிலையில் கண் கலங்கிவிட்டது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். என் லொறிக்கு வயது 22, இனி மாற்றத்தான் வேண்டும். ஐதரசன் லொறியை ஓட்டியவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கேள்விப்பட்டதை விடுங்கள், கண்டதைச் சொல்லுங்கள்.

சுவிஸ் சாரதி:

அண்ணை, நான் ஓட்டியிருக்கிறேன். ஹுண்டாய் எக்சியன்ட், இங்கே 2020இலிருந்து ஓடுகிறது. ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மலையேற்றத்தில் நல்ல இழுவை, இரைச்சல் இல்லை. ஒருநாள் நிறுத்திவிட்டுப் பின்குழாயின் கீழே உள்ளங்கையைப் பிடித்தேன். இளஞ்சூட்டில் தண்ணீர் சொட்டியது. மணமே இல்லை.

நிரப்புவதுதான் வேறு மாதிரி. டீசல் போலச் செருகிவிட்டு நிற்க முடியாது. குழாய்த் தலையைப் பொருத்தி நெம்பை இழுத்துப் பூட்ட வேண்டும். இயந்திரம் முதலில் கொஞ்சம் வாயுவை அனுப்பி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். 350 பார் அமுக்கம், லொறி ரயரில் உள்ளதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். 31 கிலோ நிரம்பக் கால் மணித்தியாலம், அதில் 400 கிலோமீற்றர் ஓடலாம்.

ஆனால் ஒரு மார்கழியில் நான் போன நிலையத்தில் வாயுவை அழுத்தி ஏற்றும் அமுக்கி பழுது. அடுத்த நிலையம் ஒரு மணித்தியால ஓட்டம். மிச்ச வாயு போதுமோ என்ற பயத்தில் சூடாக்கியை நிறுத்திவிட்டு, கை விறைக்க விறைக்க ஓட்டிப் போனேன்.

இன்னொன்று, இங்கே அதை விற்கவில்லை. ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று வாடகைக்குத்தான் கொடுத்தார்கள். கனரக வாகன வரியும் இல்லை. அப்படியிருந்தும் 2024இல் நாடு முழுக்க 48 லொறிகள்தான். அந்த 48உம் சேர்ந்து ஒரு கோடி கிலோமீற்றர் ஓடிவிட்டன, அதையும் சொல்ல வேண்டும். லொறியில் பிழை இல்லை அண்ணை. வரிச்சலுகையை எடுத்தால் எங்கள் முதலாளி அடுத்த நாளே டீசலுக்குத் திரும்பிவிடுவார்.

கொடிகாமம் சோலார்:

தம்பி சொன்ன 31 கிலோவை வைத்துக் கணக்குப் பார்த்தேன். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்க ஏறத்தாழ 55 யூனிற் வேண்டும். 31 கிலோவுக்கு 1,700 யூனிற், அமுக்கி நிரப்பும் செலவு வேறு. 400 கிலோமீற்றர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு. பற்றரி லொறி அதே தூரத்தை 500, 600 யூனிற்றில் போய்விடும். மூன்று மடங்கு மின்சாரத்தைக் கொட்டி அதே கொழும்புக்குத்தான் போகப் போகிறோம்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கிலோவுக்கு 9 லீற்றர், ஒரு டாங்கிக்கு ஒன்றரைப் பீப்பாய், அது பெரிய விடயமில்லை. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள், சுண்ணாம்பு படைபடையாக ஒட்டியிருக்கும். நன்றாகச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும்.

2025 சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, பாவனை குறைந்து மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. நான் ஆசையாகப் பூட்டிக் கொடுத்த வீட்டில், நல்ல வெயிலில், நானே போய்ச் சுவிச்சை இறக்கினேன். மனம் கேட்கவில்லை. இதில் ஐதரசன் எடுக்கலாமே என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். ஆனால் வருடத்தில் சில நாள், அதிலும் சில மணித்தியாலம் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு யார் கோடிக்கணக்கில் போடுவார்கள்? அமெரிக்காவில் ஐதரசன் லொறி செய்த நிக்கோலா 2025 பெப்ரவரியில் வங்குரோத்தானது. வாங்கியவன் சாமானுக்கு யாரிடம் போவான்?

மருதனார்மடம் லொறிக்காரன்:

சாமான் என்றதும் விளங்கிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு மாங்குளத்தில் லொறி நின்றால், விடிவதற்குள் சாமானோடு ஒருவர் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் இங்கே எவரும் லொறி வாங்குவது. சரி, இப்போதைக்கு என்ஜினை இறக்கி வேலை செய்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுகிறேன்.

ஆனால் பளைக் காற்றாடிகளைத் தாண்டும்போதெல்லாம் அந்த பீற்றூட் மணம் நினைவுக்கு வருகிறது. இன்னொரு முறை அப்படி வரிசையில் கிடக்க என்னால் ஏலாது. தம்புள்ளைக்குப் பற்றரி லொறியில் மரக்கறி ஏற்றிப் போனவர் யாரும் உண்டா? வழியில் எங்கே சார்ச் போட்டீர்கள்?