டேம்ஸ் கரை பப்பில் சாப்பிட்ட அனுபவம்: ரிச்மண்ட், மார்லோ பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

காவிரிக்கரையான்

போன ஏப்ரலில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம் லண்டன் ரிச்மண்டில் ஆற்றோரமாக நடந்துவிட்டு ஒரு பப்பில் உட்கார்ந்தோம். ஞாயிறு என்றால் பப்பில் ரோஸ்ட்தானே, அடுப்பில் வாட்டிய இறைச்சியும் கூடவே உருளைக்கிழங்கும். எனக்குக் கோழி, அம்மாவுக்கு இறைச்சிக்குப் பதில் கொட்டைப் பருப்புகளில் செய்யும் நட் ரோஸ்ட். டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா முட்டை சாப்பிடுகிறார். மாமிசம் வாழ்நாளில் தொட்டதில்லை.

என் தட்டில் யார்க்‌ஷயர் புட்டிங் இருந்தது, அம்மா தட்டில் இல்லை. "அது என்னடா, ஆப்பம் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். மைதா, முட்டை, பால், அவ்வளவுதான் என்று சொல்லி எடுத்து அவர் தட்டில் வைத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். ஓரத்தின் மொறுமொறுப்பை மட்டும் தனியாகப் பிய்த்துக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

தட்டெடுக்க வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அம்மா கையில் இருந்த துண்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "இவர் சைவம் இல்லையா? அதை மாட்டுக் கொழுப்பில்தான் சுடுகிறோம், அதனால்தான் அவருக்கு வைக்கவில்லை" என்று மெதுவாகச் சொன்னாள்.

அம்மா கேட்டார், "என்னடா சொல்றா?"

"சாப்பாடு பிடிச்சிருக்கான்னு கேக்கறாம்மா."

அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்றார். கடைசித் துண்டை அவள் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு வருஷமாகிறது, இன்னும் மறக்க முடியவில்லை.

பருத்தித்துறைப் பிள்ளை

ரிச்மண்ட் என்றதும் எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம். எங்கள் அப்பா கடற்கரையிலேயே வளர்ந்தவர். அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் அங்கே போனோம். காரை ஆற்றோரத் தெருவிலேயே விட்டேன். இடம் கிடைத்த சந்தோஷம்.

மீனும் சிப்ஸும் வந்து பாதி சாப்பிட்டிருப்போம். அப்பா சாப்பிடாமல் கரைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பாசி எவ்வளவு உயரத்துக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குக் காட்டினார். "தம்பி, பூரணை கழிஞ்சு இண்டைக்கு ரெண்டாம் நாள். தண்ணி ஏறப்போகுது, காரை எடு." இது ஆறு அப்பா, கடல் இல்லை என்றேன். நாற்பது மைல் உள்ளே இருக்கிறோம், இங்கே என்ன பெருக்கு என்று நினைத்தேன்.

டெடிங்டன் மதகு வரைக்கும் டேம்ஸில் கடல் ஏறி இறங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரிச்மண்ட் அதற்குக் கீழே இருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் படிக்கட்டைக் காணவில்லை. அலை இல்லை, சத்தம் இல்லை, தரையே கசிவது போல ஏறியது. பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு இது பழக்கம் போல. என் சின்ன மகளின் சப்பாத்து ஒன்று மிதந்து போனது. எழுபத்திரண்டு வயதில் அப்பா காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கி அதைப் பிடித்து வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். காரின் தரை விரிப்பெல்லாம் நனைந்தது, அது பெரிய விஷயமில்லை.

அப்பா இப்போது இல்லை.

அடுப்படித் தம்பி

காவிரிக்கரையான் அண்ணா, வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் தட்டில் இருந்தது அம்மா தட்டில் இல்லை என்றபோதே ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறாள்.

படிக்கும்போது இரண்டு வருஷம் ஆற்றோரப் பப் ஒன்றில் சமையலறையில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிறு, உணவு எடுத்து வைக்கும் ஜன்னல் வழியாகத் தமிழ் காதில் விழுந்தது. ஒரு அக்கா பிள்ளையிடம், "உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிடு கண்ணா, அது நம்ம சாப்பாடுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் வறுத்தவனே நான்தான். ஏப்ரனோடு வெளியே ஓடிப்போய், "அக்கா, அது வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் என் கதை.

வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். யார்க்‌ஷயர் புட்டிங் மாவில் ஒன்றும் இல்லை, விஷயம் அதைச் சுடும் அச்சுத் தட்டில் ஊற்றும் கொழுப்பில் இருக்கிறது. சூடான கொழுப்பில் ஊற்றினால்தான் அது உப்பி எழும். எண்ணெயிலும் செய்வார்கள், ஆகவே கேளுங்கள். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. சைவத்துக்குத் தனியாக வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சிப்ஸ் எண்ணெயில் பொரித்தாலும், அதே எண்ணெயில் மீன் பொரித்திருக்கலாம். ஆவியில் வேகவைத்த இனிப்புப் புட்டிங் என்றால் சூயட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது மாட்டுச் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் உண்டு. பார்மெசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. குடிக்கிறவர்களுக்கு ஒன்று: பீப்பாயிலிருந்து பம்ப் அடித்துத் தரும் ஏல் வகை பியர் சிலவற்றை மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையால் தெளிய வைக்கிறார்கள்.

முக்கியமான ஒன்று. 'அலர்ஜி புத்தகம் காட்டுங்கள்' என்று கேட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். 2014 முதல் அலர்ஜி தரும் 14 பொருள்களுக்குத் தகவல் தரவேண்டும் என்று சட்டம். அதில் முட்டை, பால், மீன், கடுகு எல்லாம் உண்டு. மாட்டுக் கொழுப்பு கிடையாது. "எதில் வறுத்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

மார்லோ நடை

தம்பி சொன்ன விவரமெல்லாம் சரி, ஆனால் இவ்வளவையும் கேட்க முதலில் ஆள் வரவேண்டுமே.

குக்கமிலிருந்து ஆற்றோரப் பாதையில் மார்லோவுக்கு நடந்து போனோம். கூட என் மாமனார், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். அந்த அழகான தொங்கு பாலத்துக்குப் பக்கத்தில், 1832இல் கட்டியது, புடாபெஸ்ட்டின் சங்கிலிப் பாலத்தை வடிவமைத்த அதே ஆள் கட்டியது, ஒரு பப்பின் தோட்டத்தில் உட்கார்ந்தோம். உட்கார்ந்துகொண்டே இருந்தோம். பாரில் போய் மேசை எண்ணைச் சொல்லி, பணமும் கொடுத்தால்தான் சாப்பாடு என்று தெரியாது. நாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான். நான் எழுந்து போனபோது அடுப்பை அணைத்துவிட்டார்கள். மதியச் சமையல் இரண்டரையோடு முடிந்தது.

திரும்பி வந்தால் மாமாவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்பி ஊசியை முன்னாலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இங்கிலீஷே மறந்துபோய், "சுகர், சுகர்" என்று கத்தினேன். பாரில் இருந்த அம்மாள் ஆரஞ்சு ஜூஸை ஊற்றிக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே ரொட்டியும் வெண்ணெயும். பக்கத்து மேசைக்காரர் தன் சிப்ஸ் தட்டை அப்படியே எங்கள் பக்கம் தள்ளினார். ஒரு பைசா வாங்கவில்லை. மாமா தேறி உட்காரும்வரை அந்த அம்மாள் அவர் முதுகில் கை வைத்தபடி நின்றார்.

காவிரிக்கரையான், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் சாப்பிட்டது அவர் தப்பில்லை, ஆனால் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

கிங்ஸ்டன்வாசி

பருத்தித்துறைப் பிள்ளை, உங்கள் அப்பாவின் கணக்கு சரிதான். ஆனால் அமாவாசை, பௌர்ணமியை மட்டும் பார்த்துவிட்டு மற்ற நாளில் காரை அங்கே விடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மேலே நல்ல மழை பெய்து ஆறு நிறைந்து வரும்போது கடல் ஏற்றமும் சேர்ந்தால் சாதாரண நாளிலேயே தெருவுக்கு வந்துவிடும். லண்டன் துறைமுக ஆணையம் வெளியிடும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் லண்டன் பாலத்துக்கான நேரத்தைப் பாருங்கள், ரிச்மண்டுக்கு அதிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிங்ஸ்டனில் இந்தத் தொல்லை இல்லை, நாங்கள் டெடிங்டனுக்கு மேலே. அப்பாவைப் பற்றி எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

காவிரிக்கரையான்

மார்லோ நடை அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஜூனில் மறுபடி வருகிறார், டிக்கெட் போட்டாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த ஆத்தங்கரைக் கடைக்கு இந்தத் தடவையும் போலாண்டா, அந்த ஆப்பம் எனக்கு ஒண்ணு தனியா சொல்லிடு" என்கிறார்.