வலப்பக்கக் காத்துல ஓட்டினா மட்டும் பில்ஜ்ல (படகு அடிவயித்துல) தண்ணி ஏறுது (பழைய மரப் படகு), உதவி வேணும்

உப்புக்காத்து:
வணக்கம் மக்களே. 1964ல கட்டின பாய்ப்படகு ஒண்ணு வச்சிருக்கேன், 32 அடி, ஓக் வங்கு (படகோட விலா எலும்பு) மேல மஹாகனி பலகை, கார்வெல் கட்டு (பலகைங்க விளிம்போட விளிம்பு ஒட்டி நிக்கும்), அடியில இரும்பு கீல் (நடுவுல நீளமா தொங்குற கனம்). கட்டிப் போட்டு சும்மா நிக்கும்போது நாளைக்கு அரை வாளி தண்ணி வரும், இந்த வயசுக்கு அது கூட இல்லாம இருக்குமான்னு விட்டுட்டேன். ஆனா பாய் ஏத்தி, காத்து வலப்பக்கம் இருந்து அடிச்சு படகு இடப்பக்கம் சாஞ்சு ஓடுச்சுன்னா 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் பம்ப் தானா ஓடுது, திருப்பி வலப்பக்கம் சாய்ச்சா அடங்கிடுது. போன வருஷம் இப்படி இல்ல. ஸ்டர்ன் கிளாண்ட் (ப்ரொப்பெல்லர் தண்டு வெளிய போற இடம்) பேக்கிங் புதுசா மாத்தியாச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல. பேசாம படகை மேல ஏத்தி காய விட்டு இடுக்கு பூரா பாலியூரிதேன் சீலன்ட் அடைச்சிடலாமா? இன்னொன்னு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல, இடப்பக்கம் சாயும்போது மட்டும் டாய்லெட் கதவு இறுகிக்குது, தோளால முட்டித்தான் திறக்கணும் 😅

பாய்ச்சுருள்:
முதல்ல தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க ப்ரோ. உப்பு கரிக்கலைன்னா உங்க தண்ணி டேங்க் தான், சாயும்போது வழியும், எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு மாசம் வீணா அலைஞ்சேன்.

உப்புக்காத்து:
நல்லாவே கரிக்குது ப்ரோ. கடல் தண்ணி தான்.

மரத்தூள்:
அப்ப இடப்பக்க மேல் பலகையா இருக்கும். சும்மா நிக்கும்போது அது தண்ணிக்கு மேல வெயில்ல காயுது, இடுக்கு விரியுது, சாஞ்சதும் முங்குது. நாலஞ்சு நாள் ஈரம் பட்டா மரம் உப்பி தானா அடைஞ்சிடும். அவசரத்துக்கு, வெளிய தண்ணிக்கு அடியில பலகை ஓரமா மரத்தூள் பிடிச்சா உள்ள இழுக்குற தண்ணியே அதையும் இழுத்து இடுக்குல அடைச்சுக்கும், பழைய வித்தை, கரை வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்.

கலப்பத்துக்காரன்:
தம்பி, சீலன்ட் டியூபை முதல்ல கீழ வைங்க. காஞ்ச மரத்துல இடுக்கு முழுக்க கெட்டியா அடைச்சு தண்ணில இறக்கினா பலகை உப்பும்போது போக இடம் இருக்காது, ஒண்ணு ஆணி பிடுங்கும் இல்ல வங்கு முறியும். பஞ்சுத் திரி வச்சு கலப்பத்து அடிக்கிறதே அது அமுங்கி இடம் விடும்னுதான். அதுவும் பாலியூரிதேன் ஒருதரம் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்குறதுக்குள்ள பலகை ஓரமே பிஞ்சு வந்துடும்.

மரத்தூள் சொல்றது நியாயமான சந்தேகம். ஆனா எனக்கு அந்தக் கதவு தான் உறுத்துது. கதவு தானா இறுகாது, சுத்தி இருக்குற படகு முறுக்கிக்குது. டாய்லெட் மாஸ்ட் (பாய்மரம்) பக்கத்துலயா இருக்கு? இந்த சீசன் மாஸ்ட் கம்பிய முறுக்கினீங்களா?

பில்ஜை ஒட்டத் துடைச்சு காய விட்டு, மாஸ்ட் அடியைச் சுத்தி ரெண்டு பக்கமும் முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. லேசான காத்துல, இன்னொரு ஆள் ஓட்ட, நீங்க டார்ச்சோட கீழ உக்காந்து பாருங்க.

உப்புக்காத்து:
அண்ணே எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க!! டாய்லெட் மாஸ்டுக்கு நேர் பின்னாடி தான். கம்பியும் முறுக்கினேன், சாயும்போது கீழ்ப்பக்க ஷ்ரவுட் (மாஸ்டைப் பக்கவாட்டுல பிடிக்கிற கம்பி) ஆடுச்சு, பாக்க நல்லால்லன்னு தட்டினா டிங்குனு சத்தம் வர்ற வரைக்கும் கம்பியை இறுக்குற டர்ன்பக்கிளைத் திருகிட்டேன்.

பவுடர் போட்டுப் பாத்தாச்சு. இடப்பக்கம் பவுடர் அப்படியே காஞ்சு கெடக்கு. வலப்பக்கம் மாஸ்ட் ஸ்டெப்புக்கு (மாஸ்ட் அடி உக்காருற கட்டை) ஒரு கை தள்ளி, கீலை ஒட்டின முதல் பலகை இருக்குல்ல, அந்த இடுக்குல இருந்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கருப்புக் கோடு பவுடருக்குள்ள மெதுவா நீளுது. அலை ஒண்ணு தூக்கிப் போட்டதும் அந்த இடுக்குல ஒரு முத்து தண்ணி துள்ளுது, விரல் வச்சா இடுக்கு மூச்சு விடுற மாதிரி இருக்கு. பயந்துட்டேன், உடனே திரும்பிட்டோம்.

கலப்பத்துக்காரன்:
பயந்தது நல்லது. நடக்குறது இதான்: ஷ்ரவுட் ரெண்டு பக்கமும் படகு ஓரத்தை மேல இழுக்குது, அதே பலத்துல மாஸ்ட் அடிப்பக்கத்தைக் கீழ குத்துது. வில்லுல நாண் ஏத்துற கதை தான். காத்து வலப்பக்கம் அடிக்கும்போது வலப்பக்க ஷ்ரவுட் முழுச் சுமையும் வாங்கும், கூடவே படகு சாயுறதால இரும்பு கீல் இடப்பக்கமா தொங்கி வலப்பக்கச் சேர்மானத்தைத் திறக்கப் பாக்கும். கார்போர்டு, அதாவது கீலை ஒட்டின அந்த முதல் பலகை, வாய் பிளக்குறது அதனாலதான். மரப் படகுல கீழ்ப்பக்க ஷ்ரவுட் லேசா ஆடினா ஆடட்டும், தொங்காம இருந்தாப் போதும்.

ஆனா அந்தப் பக்கம் மட்டும் ஏன்? அங்க ஏற்கனவே ஏதோ விட்டிருக்கு. கம்பியத் தளர்த்துங்க, படகை மேல ஏத்துங்க, ஏத்துற வரைக்கும் பாய் வேணாம். மேல வச்சதும் உள்ள ரெண்டு வாளி தண்ணி ஊத்தி வெளிய எங்க கசியுதுன்னு சாக்பீஸ்ல குறிங்க, ரொம்ப ஊத்திடாதீங்க, அந்த வெயிட்டை பலகை வெளித்தள்ளித் தாங்கணும்.

பாய்ச்சுருள்:
கீல் போல்ட்டும் ஒண்ணு உருவிப் பாருங்க. இரும்பு போல்ட் தலையும் நட்டும் பளிச்சுனு இருக்கும், மரமும் கீலும் சேர்ற இடத்துல இடுப்பு பென்சில் மாதிரி மெலிஞ்சிருக்கும்.

உப்புக்காத்து:
ஏத்தியாச்சு. ஸ்டெப்புக்கு அடியில குறுக்கா போற இரும்பு ஃப்ளோர் (ரெண்டு பக்க வங்கையும் கீலோட சேக்குற துண்டு) ஒண்ணு நடுவுலயே துருப்பிடிச்சு ரெண்டா கெடக்கு, சுத்தி ஓக் கரிக்கட்டை மாதிரி கருத்துப் போச்சு. வலப்பக்கம் வரிசையா மூணு வங்குல விரிசல், பேனாக்கத்தி அரை விரல் உள்ள போகுது. போல்ட் ஒண்ணு உருவினேன், பரவால்ல, முக்கால்வாசி மிச்சம் இருக்கு. இப்ப முதல்ல கலப்பத்து அடிக்கவா, வங்கு வேலையா?

கலப்பத்துக்காரன்:
வங்கு தான், கலப்பத்து கடைசி. முதல்ல அந்த ஃப்ளோரை வெண்கலத்துல செஞ்சு மாத்துங்க, இல்ல கனமான ஓக்ல. பக்கத்து ஃப்ளோர்களையும் சுத்தியல்ல தட்டி சத்தம் கேளுங்க. ஒடஞ்ச வங்கு பக்கத்துல புது வங்கு சேத்துப் பிடிங்க, மூணும் ஒரே உயரத்துல முடியாம ஒண்ணு ஏத்தி ஒண்ணு இறக்கி. அப்புறம் பழைய பஞ்சை எடுத்துட்டு புதுசு அடிங்க, கை பலத்தைக் காட்டாதீங்க. மரம் ரொம்பக் காயாம ஈரச் சாக்கு போட்டு வைங்க. தண்ணில இறக்கின முதல் ரெண்டு நாள் நல்லாவே கசியும், பம்ப் பக்கத்துல படுங்க.

உப்புக்காத்து:
சரிண்ணே. ஃப்ளோருக்கு அட்டையில அச்சு வெட்டிட்டு இருக்கேன். டர்ன்பக்கிள் சாவிய வீட்டுல கொண்டு வச்சாச்சு 🙏