வால்பாறைச் சாலையில் வரையாடும் சோலைமந்தியும் யானையும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். இந்தத் தொலைவை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளைச் சேர்த்துக்கொள்கிறார்களே தவிர, வழியில் தங்களை நிறுத்திவைக்கப் போகும் விலங்குகளைச் சேர்ப்பதில்லை. என் நண்பரும் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார். சனிக்கிழமை காலைச் சிற்றுண்டி பொள்ளாச்சியில், மதியச் சாப்பாடு வால்பாறையில், பிற்பகலில் சோலையாறு அணை, மாலையில் நல்லமுடிப் பூஞ்சோலை காட்சிமுனை என்று கைப்பேசியில் நேரவாரியாகக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பட்டியலில் எதுவும் குறித்த நேரத்தில் நடக்கவில்லை. நடக்காமல் போன இடங்களில் நாங்கள் எதிர்கொண்டவற்றைத்தான் இங்கே பகிர்கிறேன்.

நண்பர் தஞ்சாவூர்க்காரர். மலை என்றால் திருச்சி மலைக்கோட்டை என்ற அளவில் வளர்ந்தவர். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுவார், மலைப்பாதையில் ஓட்டியதில்லை. கார் அவருடையது என்பதால் தானே ஓட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆழியாற்றில் உள்ள வனத்துறைச் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்துகொண்டு, பிளாஸ்டிக் பொருள்கள் இருக்கின்றனவா என்று பின்கதவைத் திறந்து பார்த்த பிறகே எங்களை அனுப்பினார்கள். அதற்கு மேல் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியாக ஏறுகிறது என்பதால், இந்தச் சோதனையை ஒரு தொல்லையாக நினைப்பதற்கு நியாயம் இல்லை.

இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஏற்றத்தின் நடுவில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதே அதற்குக் காரணம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படுகிறது. அதனால் மேலே பேருந்தின் ஹாரன் கேட்டவுடன், ஏறுகிறவர்களும் வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்றுவிடுவது அங்கே நடைமுறையாக இருக்கிறது. முதல் சில வளைவுகளில் நண்பர் இதை ஏற்கவில்லை. விதி தன் பக்கம் இருக்கும்போது தான் ஏன் நிற்க வேண்டும் என்று வாதிட்டார். ஐந்தாவது வளைவிலோ ஆறாவது வளைவிலோ, பேருந்தின் பின்பகுதி எங்கள் பக்கக் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனதும் அந்த வாதம் தானாக முடிந்தது.

ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். பெரும்பாலானவர்கள் அங்கே அணையைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் கிளம்பும் தறுவாயில், சாலையின் மறுபுறத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து சிறு கற்கள் உதிர்ந்தன. நிமிர்ந்து பார்த்தால், கால் வைக்க இடமே இல்லாதது போலத் தோன்றிய பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றிருந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தாலும், ஒரு பெட்டை தன் குட்டியை முன்னே விட்டு, அது அடுத்த பிளவுக்குத் தாவும் வரை அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நேரில் காண்பது வேறு. கூட்டத்தில் ஒரு முதிர்ந்த கிடாவும் இருந்தது. அதன் கருத்த உடலில் முதுகுப் பகுதி மட்டும் வெளிறி, சேணம் பூட்டியது போலத் தெரிந்தது. 2024ஆம் ஆண்டு தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில் மொத்தம் 1,031 வரையாடுகள்தான் பதிவாயின என்று நான் சொன்னபோது நண்பர் நம்பவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் அதைவிட அதிகம் பேர் பந்திக்கு உட்காருவார்களே என்றார். அவருடைய மதியச் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகத் தொடங்கியது இங்கேதான். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அட்டகட்டியைத் தாண்டிய பிறகு வெயில் மறைந்து, கவர்கல் பகுதியில் மஞ்சு சாலையை மூடியது. வெள்ளையர் காலத்தில் இம்மலையில் தோட்டப் பயிரைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரான கார்வர் மார்ஷின் சிலை அங்கே சாலையோரம் நிற்கிறது. எங்களுக்கு அதன் நிழலுருவம் மட்டுமே தெரிந்தது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவருக்கு வைத்த சிலையைக் காடு தன் மஞ்சால் மறைப்பது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்தக் காட்டைத் திருத்தியவை பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களின் கைகள் என்பதையும், அவர்களுக்கு எங்கும் சிலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நகரத்துக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் வருகிறது. தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே தப்பிப் பிழைத்த மழைக்காட்டுத் துண்டு ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் சிங்கவால் குரங்குகள் என்னும் சோலைமந்திகளின் வீடு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்தக் குரங்கு, வெடிப்பலா போன்ற மரங்களின் பழங்களைத் தின்று, உச்சிக் கிளைகளிலேயே வாழ்நாளைக் கழிக்கும் இயல்புடையது. காடு தொடர்ச்சியாக இருந்த காலத்தில் அது தரைக்கு இறங்க வேண்டிய தேவை குறைவு. காட்டின் நடுவே சாலையும் தோட்டமும் வந்து கிளைகளின் தொடர்பு அறுந்த பிறகு, ஒரு மரத்திலிருந்து எதிர்ப்புற மரத்துக்குச் செல்ல அது தார்ச்சாலையில் நடக்கிறது. வேகமாக வரும் வண்டிகளில் அடிபடுகிறது. இதைத் தவிர்ப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். வண்டிகளைக் கையசைத்து மெதுவாகப் போகச் சொல்வதற்குக் காவலர்களும் நிற்கிறார்கள்.

அந்தக் காவலர்களில் ஒருவர் எங்களை நிறுத்திய சிறிது நேரத்தில், முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத் தாடி படர்ந்த ஆண்மந்தி ஒன்று முதலில் பாலத்தில் ஏறி, நடுவில் உட்கார்ந்து கீழே எங்களைப் பார்த்தது. அதன் பின்னால் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட தாய்களும், ஒன்றையொன்று வாலைப் பிடித்து இழுத்த இளசுகளும் கடந்தன. எல்லாம் பாலத்தில் போய்விடவில்லை; சில சாவகாசமாகச் சாலையிலேயே இறங்கி நடந்தன. எங்களுக்கு முன்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கி, சிப்ஸ் பொட்டலத்தைப் பிடித்த ஒரு கை வெளியே நீண்டது. காவலர் ஓடிப்போய்க் கையை உள்ளே தள்ளாத குறையாகத் தடுத்தார். "நீங்க போட்டுட்டுப் போயிடுவீங்க சார், அது நாளைக்கும் இதே எடத்துல வந்து ஒக்காந்துக்கும்" என்று அவர் சொன்னதில் கோபத்தைவிட அலுப்பே மிகுந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கார்களிடம் இதையே சொல்கிறாரோ. விலங்குகளுக்குத் தீனி போடுவதைப் பாசம் என்று நினைக்கும் பயணிகளை, அவர்களுடைய ஊரில் யாராவது அவர்கள் பிள்ளைகளுக்கு நடுச்சாலையில் மிட்டாய் நீட்டினால் ஏற்பார்களா என்று கேட்க வேண்டும்.

சோலையாறு அணையில் அதிக நேரம் நிற்கவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் முக்கியமான அணை அது. பெரிய நீர்ப்பரப்புதான், ஆனால் அணை பார்ப்பதில் எனக்கு எப்போதுமே ஆர்வம் குறைவு. நல்லமுடிக்குப் போய்ச் சேரும்போது பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சு நிறைந்திருந்ததால், அங்கேயும் பார்க்க எதுவும் இருக்கவில்லை.

நாங்கள் தங்கவிருந்த எஸ்டேட் விடுதிக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே செல்லும் ஒற்றைப் பாதையில், ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நண்பர் அதைக் கைப்பேசிக் கோபுரத்து விளக்கு என்று எண்ணி வண்டியை விடப் பார்த்தார். அதற்குள், ஏற்கெனவே ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு ஜீப்பிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்து, முகப்பு விளக்கையும் இன்ஜினையும் அணைக்கச் சொன்னார். பக்கத்தில் யானை நிற்கிறது என்பதற்கான அறிவிப்பு அது. பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணிலிருந்து அழைத்தால் அந்த விளக்கு எரியும். தோட்டத்திலேயே வசிப்பவர்கள் யானையைப் பார்த்ததும் அழைத்து எரிய விடுகிறார்கள். இதனுடன் குறுஞ்செய்தி அனுப்புவதும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் எழுத்தாக ஓட விடுவதும் உண்டு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பினர் வனத்துறையுடனும் தோட்டக்காரர்களுடனும் சேர்ந்து உருவாக்கிய இந்த ஏற்பாட்டுக்காக, அந்த அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்கான விட்லி விருது பெற்றார். வேலை முடிந்து இருட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்து வருகிறவர், யானை நிற்பது தெரியாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொள்வதுதான் இம்மலையில் உயிரிழப்புகளுக்குப் பெரும் காரணமாக இருந்திருக்கிறது.

அரை மணிக்கும் மேலாக ஒன்றும் நடக்கவில்லை. நண்பர் பொறுமையிழந்து, ஒருவேளை விளக்கை அணைக்க மறந்திருப்பார்களோ என்று என் காதருகில் கேட்டார். ஜீப் ஓட்டுநர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு கீழே ஓடைப் பக்கத்திலிருந்து கிளைகள் முறியும் ஓசை வந்தது. தேயிலைச் செடிகளின் மட்டத்துக்கு மேலே முதுகுகள் நகர்வது தெரிந்தது. யானைகள் தேயிலையை உண்பதில்லை. ஓடையோரமாக நீளும் காட்டுத் துண்டுகளில் மேய்ந்து, ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போகவே தோட்டங்களைக் கடக்கின்றன. முன்னால் வந்த பெரிய பெண்யானை பாதையின் விளிம்பில் நின்று எங்கள் பக்கமாகத் துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தபோது, பின்னால் குட்டியை நடுவில் விட்டு மற்றவை நின்றன. நாங்கள் மூச்சுவிடும் சத்தம்கூட எங்களுக்கே பெரிதாகக் கேட்டது. அது துதிக்கையைத் தாழ்த்தி நடந்ததும், கூட்டம் பாதையைக் கடந்து மேல்சரிவில் ஏறியது. கடைசி யானை மறைந்த பிறகும் ஓட்டுநர் எங்களை விடவில்லை. பின்தங்கிய யானை ஏதேனும் வரக்கூடும் என்று இன்னும் சிறிது நேரம் காக்க வைத்தார். இந்த யானைகள் சில இரவுகளில் ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தின் கதவையும் உடைத்து அரிசியைத் தின்றுவிடும் என்பதையும், அப்படியும் தங்கள் தோட்டத்தில் யாரும் அவற்றை அடித்து விரட்ட நினைப்பதில்லை என்பதையும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போதும் நண்பரே ஓட்டினார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே வரக் கூடாது என்ற பாடத்தை அவர் இரண்டாவது கியரில் சரியாகக் கடைப்பிடித்தார். பாதிவழியில் ஒரு கார் சக்கரத்திலிருந்து புகை வர நின்றிருந்தது. அதிலிருந்தவர்கள் சூடேறிய சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போவதைப் பார்த்து இவர் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு கோணிவிடும், தானாக ஆறும் வரை நிற்க வேண்டும் என்று சொல்லி, கியரைப் பற்றியும் நீண்ட விளக்கம் கொடுத்தார். அவர்கள் எந்த ஊர் என்று கேட்டதற்குத் தஞ்சாவூர் என்று சொல்லாமல் பொள்ளாச்சி என்று சொல்லிவிட்டு வந்தார். ஆழியாற்றில் மீன் வறுவல் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அடுத்த முறை மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம். அதற்கு நேரவாரிப் பட்டியல் எதுவும் அவர் இன்னும் அனுப்பவில்லை.