'ஹெரிட்டேஜ் ஃப்ளீட்': தமிழில் என்ன சொல்லலாம்?

> 'பாரம்பரிய அணி' என்று போட்டுவிடலாமா?

அண்ணாச்சி,

வேண்டாம். பாரம்பரியம் என்றதும் நம்ம ஆளுக்கு ஊட்டி மலைரயில்தான் ஞாபகம் வரும். அணி என்றால் கிரிக்கெட். இது அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் பழைய பெட்டிகளுக்கான பேர்; அந்தக் கதை அப்படிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் கதையல்ல. 1971 மே 1-ல் 20 தனியார் ரயில் கம்பெனிகளின் பயணிகள் வண்டிகளை ஆம்ட்ராக் ஏற்றுக்கொண்டது. சுமார் 3,000 பெட்டிகளில் 1,200 போலப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் பழைய முதலாளியின் நிறம். ஒரே வண்டியில் நாலைந்து நிறம் ஓடியதால் 'வானவில் காலம்' என்றே பேராகிவிட்டது.

நிறம் போகட்டும், வினை சூட்டில் இருந்தது. குளிருக்கு எஞ்சினிலிருந்து குழாய் வழியே நீராவி வரும். கடும்பனியில் அந்தக் குழாயே உறைந்துபோகும். 1970-களின் கடைசியில் தொடங்கி, எஞ்சின் பக்கமிருந்து 480 வோல்ட் மின்சாரம் எடுத்து விளக்கு, சூடு, குளிர்சாதனம் எல்லாம் ஓடுமாறு மாற்றினார்கள். அப்படி மாற்றி வைத்துக்கொண்டவைதான் 'ஹெரிட்டேஜ்'.

பாகம் பிரிக்கையில் ஆச்சி வீட்டுப் பித்தளைப் பாத்திரம் வரும்லா? பாதி எடைக்குப் போகும். நல்லதாப் பார்த்து ஈயம் பூசி வைத்துக்கொண்டு, "நாலுதான் தேறிச்சு" என்போம். அதையே எடுக்கலாம்: தேறிய பெட்டிகள். ('தேறல்' என்று சுருக்கிவிடாதீர்கள், சங்கப் பாட்டில் அது கள்.)

> தேறிய பெட்டிகள்

தம்பி,

நல்லாத்தான் இருக்கு. ஆனா யார்கிட்டயிருந்து வந்ததுங்கிறது விழுந்துபோச்சே. 1951 ஏப்ரல் 14-ல் எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே), எம்.எஸ்.எம். (மெட்ராஸ், தென் மராத்தா ரயில்வே), மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. நம்ம செங்கோட்டை லைன், செந்தூர் லைன் எல்லாம் எஸ்.ஐ.ஆர். ஓட்டினது. அங்கே பொறுக்கி எடுத்த கதை இல்லை, லைனோடு சேர்ந்து வந்தது. அதைத் 'தேறிய' என்றால் பொய்.

பத்திரத்தில் பிதுரார்ஜிதம் (முன்னோர் வழி வந்த சொத்து), சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது) என்று எழுதுவோமே, அந்த வேறுபாடுதான் இங்கே முக்கியம். பொதுச்சொல் 'வழிவந்த பெட்டி'. அதில் மாற்றியமைத்தது மட்டும் 'தேறிய பெட்டி'. சாண்டா ஃபே கம்பெனிக்கு 1956-ல் கட்டிய மாடிப்பெட்டி சில 2018 வரை ஓடின, அவை தேறியவை. அவற்றைப் பார்த்து ஆம்ட்ராக் தானே செய்துவாங்கிய சூப்பர்லைனர் என்ற மாடிப்பெட்டி சுயார்ஜிதம்.

'போகி' மட்டும் வேண்டாம். நெல்லை ஜங்ஷனில் எல்லாரும் பெட்டியைத்தான் அப்படிச் சொல்கிறோம், ஆனால் அது அடியில் சக்கரம் மாட்டிய சட்டத்தின் பேர்.